முதலில் நிற்கப் பழகட்டும்!

ஒருவர் பத்துப் பதினைந்து வருஷம் ஓட்டித் தேய்த்துக் கழித்த காரை இன்னொருவர் விலைக்கு வாங்குகிறார். வாங்கியவர் அதைக் குடும்பத்தோடு கோயில் குளம் போய்வர வைத்துக்கொண்டால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவரோ, அதைப் பந்தயத் தளத்துக்குக் கொண்டுபோய் விரட்டு விரட்டென்று விரட்ட வேண்டும், அதற்குத் தகுந்தாற்போல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியமைக்க வேண்டும் என்கிறார். கேட்பவர்கள் தலையில் அடித்துக்கொண்டால் வியப்பென்ன?

ஆனால் ஜப்பானிலும், பிரிட்டனிலும், ஜெர்மனியிலும், அமெரிக்காவிலும் இந்த ஆசை ஏராளமான பேரைப் பிடித்து ஆட்டுகிறது. அவர்கள் கோடீசுவரர்களோ, பந்தய வீரர்களோ அல்லர். வாரம் முழுவதும் ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு, விடுமுறை நாளில் கை நிறைய கிரீஸைப் பூசிக்கொள்கிற சாமானிய மனிதர்கள். 'டிராக் டே' என்று இதற்குப் பெயர். இது பந்தயம் அன்று. பரிசு கிடையாது, முதலாவது, இரண்டாவது என்ற வரிசை கிடையாது. கட்டணம் கட்டி, ஹெல்மெட் அணிந்து, சொந்தக் காரைத் தளத்தில் ஓட்டிவிட்டு வீடு திரும்பலாம். ஆங்காங்கே கொடி பிடித்த காவலர்கள் நிற்பார்கள். மஞ்சள் கொடி என்றால் முன்னே ஆபத்து. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். ஆம்புலன்ஸ் தயாராக இருக்கும். பல இடங்களில், முன்னால் போகிறவர் கையை நீட்டி வழிவிட்ட பிறகே பின்னால் வருபவர் முந்தலாம். அதுவும் நேரான பகுதியில் மட்டுமே. நம் நெடுஞ்சாலைகளில் இந்த ஒரு வழக்கம் வந்தால் எத்தனை குடும்பங்கள் தப்பிக்கும்!

ஆகவே ஆசையில் குற்றமில்லை. பழைய காரை மாற்றியமைப்பதிலும் குற்றமில்லை. எந்த வரிசையில் மாற்றுவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். முதலில் உறுமுகிற சைலன்சர்; பிறகு பெரிய சக்கரம்; அதன் பிறகு எஞ்சினுக்கு இன்னும் ஐம்பது குதிரைசக்தி. பணமெல்லாம் தீர்ந்த பிறகு பிரேக்கின் ஞாபகம் வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டும். ரேக்ளா வண்டிக்காரனைக் கேட்டால் கூடச் சொல்வான், காளைக்குத் தீனி போடுமுன் மூக்கணாங்கயிறு உறுதியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று.

குதிரையும் ஆளும்

இந்தப் பைத்தியத்துக்கு ஆளானவர்கள் தேடிப்போகும் கார்களில் முதன்மையானது ஜப்பானின் மாஸ்தா கம்பெனி செய்த இரண்டு இருக்கைத் திறந்த கார். அமெரிக்காவில் மியாட்டா என்றும், ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும், மற்ற இடங்களில் எம்.எக்ஸ்.-5 என்றும் அதற்குப் பெயர். அது பிறந்த கதை சுவையானது. 1979-இல் பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் மாஸ்தாவின் ஆராய்ச்சித் தலைவராக இருந்த கெனிச்சி யமமோட்டோவிடம் பேசிக்கொண்டிருந்தபோது, பழைய பிரிட்டிஷ் கார்களைப் போல் எளிய, விலை குறைந்த, மேற்கூரை மடங்கும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை நீங்கள் ஏன் செய்யக்கூடாது என்று கேட்டாராம். பிறகு அவரே மாஸ்தாவில் வேலைக்குச் சேர்ந்தார். தோஷிஹிகோ ஹிராய் என்ற எஞ்சினியரின் தலைமையில் கார் உருவாகி, 1989 பிப்ரவரியில் சிக்காகோ கண்காட்சியில் உலகத்தின் முன் வைக்கப்பட்டது. அந்த முதல் தலைமுறைக் கார்கள் 1997 வரை நாலு லட்சத்துக்கும் மேல் உற்பத்தியாயின. பின்வந்த தலைமுறைகளையும் சேர்த்து, பத்து லட்சமாவது கார் 2016 ஏப்ரலில் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது.

இத்தனைக்கும் அதன் எஞ்சின் அப்படியொன்றும் பெரியதன்று. 1.6 லிட்டர், சுமார் 115 குதிரைசக்தி. இன்றைய குடும்பக் கார்கள் பலவற்றில் இதைவிட அதிகம் உண்டு. ஆனால் எடை ஆயிரம் கிலோவை எட்டாது. அந்த எடையும் முன் சக்கரங்களுக்குப் பாதி, பின் சக்கரங்களுக்குப் பாதி என்று ஏறக்குறையச் சரிசமமாகப் பிரிகிறது. எஞ்சின் முன்னால், இழுவை பின் சக்கரத்தில். குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடல் என்று பொருள்படும் ஒரு ஜப்பானியச் சொல்லை வைத்துக்கொண்டுதான் அதைச் செய்தார்கள். ஸ்டியரிங்கை ஓர் அங்குலம் திருப்பினால் கார் ஓர் அங்குலத்துக்குப் பதில் சொல்லும். வேகமான காரை எவரும் செய்யலாம். ஓட்டுகிறவனுக்குப் பாடம் சொல்லும் காரைச் செய்வது அரிது. பழைய மியாட்டாவின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

பழுது பார்ப்பது வேறு, மாற்றுவது வேறு

முதல் தலைமுறைக் காரில் இளையதற்கே இன்று இருபத்தைந்து வயதுக்கு மேல் ஆகிறது. அந்த வயதில் மனிதன் காளை, கார் கிழம். ரப்பர் புஷ்கள் வெடித்திருக்கும். கதவுக்குக் கீழே ஓடும் தகட்டுக்குள், பின் சக்கரத்தை ஒட்டிய இடத்தில், மழைநீர் தங்கித் துரு தின்றிருக்கும். மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்து இதை மறைக்கத் தெரிந்த வியாபாரிகள் எல்லா நாட்டிலும் உண்டு. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் மேல்தொட்டி வயதாக ஆக நிறம் மாறிப் பழுப்பேறும். அது இன்றைக்கோ நாளைக்கோ பிளந்துகொள்ளப் போகிறது என்பதற்கு அந்த நிறமே சாட்சி. 1991-க்கு முன் வந்த முதல் எஞ்சின்கள் பலவற்றில் கிராங்க் தண்டின் முன்நுனி குட்டையாக இருந்தது. அதில் புல்லி உட்காரும் சாவிப்பள்ளம் தேய்ந்து ஆட்டம் கண்டால் எஞ்சினுக்கே கேடு. இந்த ஒரு விவரம் தெரியாமல் முதலாண்டுக் காரை வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

எனவே முதல் செலவு பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத செலவு. டைமிங் பெல்ட், தண்ணீர்க் குழாய்கள், பிரேக் ஹோஸ்கள், வீல் பேரிங்குகள், புஷ்கள், எஞ்சின் ஆயில், கியர் ஆயில். நண்பர்களிடம் காட்டிப் பெருமைப்பட இதில் எதுவுமில்லை. காரை மாற்றியமைப்பதாக நினைத்து வந்தவன், ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், தொழிற்சாலை 1990-இல் செய்துகொடுத்த நிலைக்கு அதைத் திருப்பிக் கொண்டுவந்திருப்பான். அவ்வளவுதான். அதுவே பெரிய சாதனை என்பது தளத்தில் மூன்றாவது சுற்றில் விளங்கும்.

முதல் நாலைந்து ஓட்டங்களுக்கு அந்த நிலையிலேயே காரைக் கொண்டுபோவதுதான் விவேகம். ஏனென்றால் அந்தக் கட்டத்தில் மெதுவாக இருப்பது கார் அன்று, ஆள். புதிதாக வருகிறவன் கண் கார் மூக்குக்கு முன்னால் பத்தடியைத் தாண்டிப் போகாது. வளைவுக்குள் நுழைந்த பிறகுதான் பிரேக்கைத் தேடுவான். வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து திடீரென்று காலை எடுப்பான். எடுத்த மாத்திரத்தில் காரின் பாரம் முன்னே சாய்கிறது; பின் சக்கரத்தின் மேல் அழுத்தம் குறைகிறது; பின்பக்கம் வெளியே நழுவி, கார் வந்த திசையையே பார்த்துத் திரும்பி நிற்கிறது. நல்ல தளத்தில் இதற்குத் தண்டனை கொஞ்சம் புழுதியும் கொஞ்சம் வெட்கமும். பக்கத்து இருக்கையில் அனுபவசாலி ஒருவரை உட்காரவைத்துக் கற்றுக்கொண்டால் அதுவும் தேவையில்லை. அந்தக் கட்டணத்துக்கு ஈடான உதிரிப்பாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது.

மூன்று லிட்டர் தண்ணீர்

காரில் முதல் முதலாக மாற்ற வேண்டியது பிரேக்தான். ஏன் என்பதற்குச் சிறிய கணக்கு ஒன்று போதும். ஓடுகிற பொருளின் சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி பெருகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைப்போல் 160-இல் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. ஆளோடு சேர்ந்து ஆயிரம் கிலோ எடையுள்ள காரை 160 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தினால், ஏறக்குறைய பத்து லட்சம் ஜூல் சக்தியைச் சூடாக மாற்றித் தள்ள வேண்டும். மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு இது. அடுப்பில் அதற்கு எத்தனை நிமிஷம் பிடிக்கும் என்பது சமையலறையில் புழங்குகிறவர்களுக்குத் தெரியும். பிரேக்குக்குக் கிடைப்பது நாலைந்து விநாடி. தளத்தில் முழுக்க நிறுத்துவதில்லைதான். 160-லிருந்து 60-க்கு இறக்கினாலும் அந்தச் சூட்டின் பெரும்பகுதி டிஸ்க்கில்தான் இறங்குகிறது. ஒரு சுற்றில் நாலைந்து தடவை, இருபது நிமிஷ ஓட்டத்தில் நாற்பது ஐம்பது தடவை இப்படி!

இந்தச் சூடு டிஸ்க்கிலிருந்து பேடுக்கும், பேடிலிருந்து பிரேக் ஆயிலுக்கும் போகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே கொதிக்கக்கூடாது என்பது விதி. ஈரம் ஏறி, அதில் தண்ணீர் 3.7 சதவிகிதமாகிவிட்டால் கொதிநிலை 155 டிகிரி வரைக்கும் இறங்கலாம். டாட் 3 தரமாயிருந்தால் 140. கொதித்தால் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். ஓட்டுகிறவன் காலை வைக்கிறான். மிதி வெண்ணெயில் கத்தி இறங்குவதைப்போல் தரைவரை இறங்குகிறது. கார் போய்க்கொண்டே இருக்கிறது. நேற்றுவரை வீட்டுக்கும் ஆபீஸுக்கும் போய்வந்தபோது ஒரு குறையும் சொல்லாத பிரேக் இது.

இதைத் தடுக்க ஆகும் செலவோ மிகச் சொற்பம். உயர்ந்த கொதிநிலையுள்ள புதிய பிரேக் ஆயில் ஒன்றிரண்டு டப்பா, சூடு தாங்கும் பேடுகள் நாலு ஜோடி.  இன்னும் வேண்டுமானால் முன்பக்கத்திலிருந்து குழாய் வைத்து டிஸ்க்குக்குக் காற்று விடலாம். பிற்பாடு வந்த 1.8 லிட்டர் மியாட்டாவின் முன் டிஸ்க் 255 மில்லிமீட்டர், பழைய 1.6-இல் 235. பெரியதை அதன் சட்டங்களோடு கழற்றி வந்து பழையதில் மாட்டிவிடலாம். ஒரே குடும்பத்து அண்ணன் சட்டை தம்பிக்குப் பொருந்துவதுபோலப் பொருந்தும்.

ஓர் எச்சரிக்கை. தளத்துக்கென்று செய்த பேடுகள் சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி, தெருமுனையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் குறுக்கே வரும்போது முதல் தடவை மிதித்தால், அவை சாதாரணப் பேடுகளைவிட மோசமாகப் பிடிக்கக்கூடும். தளத்தில் உயிர் காப்பது தெருவில் உயிர் வாங்கலாம். ஆகவே விஷயம் தெரிந்தவர்கள் தளத்தில் மாட்டி, வீடு திரும்புமுன் கழற்றுகிறார்கள்.

உள்ளங்கை அகல நிலம்

எத்தனை பெரிய காராக இருந்தாலும் தரையைத் தொடுவது டயர்களின் அடியில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய உள்ளங்கை அகலமுள்ள நான்கு இடங்களில்தான். விரைவதும் திரும்புவதும் நிற்பதும் அந்த நாலு உள்ளங்கைகளின் தயவு. எனவே, பிரேக்குக்கு அடுத்தபடி டயர் என்று சொல்லத் தோன்றும். சொல்லலாம், ஆனால் அவசரம் வேண்டாம். தரையை ஒட்டிப் பிடிக்கும் பந்தய டயரை ஆரம்பத்திலேயே மாட்டிக்கொண்டவன் தன் தப்புகளைத் தெரிந்துகொள்வதே இல்லை. சாதாரண டயர் நழுவுமுன் கீச்சிட்டு, முனகி, மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும். பந்தய டயர் கடைசிவரை மௌனம் சாதித்துவிட்டு, அதிக வேகத்தில், சட்டென்று கையை விரித்துவிடும். கற்றுக்குட்டிக்குக் கூச்சல் போடும் வாத்தியாரே மேல். மேலும், அதிகப் பிடிமானம் அதிகப் பாரத்தை வீல் பேரிங்குக்கும், பால் ஜாயிண்டுக்கும், கழுத்துக்கும் கொண்டுவருகிறது.

காசு அதிகம் செலவில்லாத திருத்தம் ஒன்று இருக்கிறது. அதைச் செய்வோர் குறைவு. வளைவில் கார் வெளிப்பக்கமாகச் சாய்வதால் டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்து தீரும். சக்கரத்தின் மேற்பகுதியைச் சற்று உள்நோக்கிச் சாய்த்து வைத்தால், சாயும்போது டயர் முழு அகலமும் தரையில் படியும். கேம்பர் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதுதான். மியாட்டாவில் நான்கு சக்கரங்களிலும் இதைக் கூட்டிக் குறைக்கத் தொழிற்சாலையே திருகல்களை வைத்திருக்கிறது. நல்ல அலைன்மென்ட் பட்டறையில் ஒரு மணி நேர வேலை. பந்தயக் காரில்போல மூன்று டிகிரி வேண்டாம். ஒரு டிகிரியோ சற்று அதிகமோ சாய்த்தாலே வண்டியின் குணம் மாறிவிடும். அதைச் செய்யாமல் விலையுயர்ந்த ஸ்பிரிங்குகளுக்கு ஆர்டர் கொடுப்பது, மூக்குக்கண்ணாடியைத் துடைக்காமல் கண் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதைப் போலத்தான்.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் என்பதை இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், டயர், ஸ்டெபிலைசர் பார் எல்லாவற்றையும் ஒரே சனிக்கிழமையில் மாற்றிவிட்டு ஞாயிற்றுக்கிழமை தளத்துக்குப் போனால், கார் நன்றாக ஓடினாலும் காரணம் தெரியாது, கெட்டு ஓடினாலும் காரணம் தெரியாது. சித்த வைத்தியர் ஒரு மருந்தைக் கொடுத்து மூன்று நாள் பொறுத்து நாடி பார்ப்பதில்லையா? அதே பொறுமை வேண்டும். நோட்டுப் புத்தகம் ஒன்றில் டயர் காற்றழுத்தம் ஓட்டத்துக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு, எந்த ஓரம் தேய்ந்தது, பிரேக் மிதி எப்படியிருந்தது என்று எழுதி வைப்பவர்கள், இரண்டு வருஷத்தில் பட்டறைக்காரருக்கே யோசனை சொல்லுமளவுக்கு வந்துவிடுகிறார்கள்.

எடையைக் குறைப்பதும் இதே ரகம். ஸ்டெப்னி, ரேடியோ, கம்பளம் என்று கழற்றக் கழற்ற, கார் விரைவதும் எளிது, திரும்புவதும் எளிது, நிற்பதும் எளிது. குதிரைசக்தியைக் கூட்டினால் முதல் பலன் மட்டுந்தான் கிடைக்கும்.

கழுத்துக்குக் காப்பு

திறந்த கார் கவிழ்ந்தால் தலைக்கு மேல் ஒன்றுமில்லை. அதனால் தளங்கள் பலவும், இருக்கைக்குப் பின்னால் வளைந்த எஃகுக் குழாய் இல்லாத திறந்த கார்களை உள்ளே விடுவதில்லை. குழாய் இருந்தால் மட்டும் போதாது. அதன் உச்சியிலிருந்து முன் கண்ணாடிச் சட்டத்தின் உச்சிவரை நேரான கோல் ஒன்றை வைத்துப் பார்ப்பார்கள். ஹெல்மெட் அணிந்து உட்கார்ந்தவர் தலை அந்தக் கோலுக்குக் கீழே இருக்க வேண்டும். நெட்டையானவர்கள் இருக்கையின் பஞ்சைச் செதுக்கிக்கொண்டு வந்து மறுபடி கோலுக்கு அடியில் உட்காருவது உண்டு. வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் அது நியாயமான பரீட்சை.

பெல்ட் விஷயத்தில் அரைகுறை அறிவு ஆளையே கொல்லும். பந்தயக்காரர்களைப்போல் தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு என்று இறுக்கிக் கட்டும் பெல்ட்டைப் பார்த்ததும் ஆசை வரும். சாதாரண பெல்ட், கார் கவிழ்ந்து கூரை நசுங்கினால், உடம்பைப் பக்கவாட்டில் சாய விடும். இறுக்கிக் கட்டிய பெல்ட் அப்படி விடாது. ஆளை நிமிர்த்தி வைத்து நசுங்குகிற கூரைக்குக் கொடுக்கும். எனவே எஃகு வளையம் இல்லாத காரில் அந்தப் பெல்ட் கூடாது. இன்னொன்று: மார்பு அசையாமல் கட்டப்பட்டிருக்க, எதிரே மோதினால் தலை மட்டும், ஹெல்மெட்டின் பாரத்தோடு, முன்னே பாய்கிறது. 2001 பிப்ரவரி 18 அன்று அமெரிக்காவின் டேட்டோனா பந்தயத்தில், கடைசிச் சுற்றில் சுவரில் மோதி, புகழ்பெற்ற வீரர் டேல் எர்ன்ஹார்ட் மாண்டார். மண்டையோட்டின் அடிப்பாகத்தில் முறிவு. தலையையும் கழுத்தையும் பிடித்து நிறுத்தும் கழுத்துக் காப்பு அந்த வருஷ அக்டோபரிலேயே அந்தப் பந்தயங்களில் கட்டாயமாயிற்று; 2003-இல் ஃபார்முலா 1 பந்தயத்திலும் வந்தது. பெல்ட், வளையம், இருக்கை, கழுத்துக் காப்பு நாலும் ஒரு தொகுதி. ஒன்றை மட்டும் வாங்கி மாட்டுவது, இல்லாமலிருப்பதைவிட ஆபத்து.

அதே எஃகு வளையம் தெருவில் ஓட்டும்போது, ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பின்னால் சில அங்குலத்தில் நிற்கிறது என்பதையும் மறக்கலாகாது. பஞ்சுறை போட்டு மூடினாலும் எஃகு எஃகுதான்.

கடைசியில் சக்தி

இவ்வளவுக்கும் பிறகு, எஞ்சின். அதிலும் முதலில் சூட்டைக் கவனிக்க வேண்டும். மியாட்டாவின் எஞ்சின் முன் சக்கர இழுவைக் காருக்கென்று, குறுக்காக வைக்கப் பிறந்த குடும்பத்தைச் சேர்ந்தது. அதை நெடுக்காகத் திருப்பி வைத்தபோது, தண்ணீர் முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியேறும்படி வழியை மாற்றினார்கள். அதனால் கடைசி சிலிண்டருக்கு முதல் சிலிண்டருக்குக் கிடைக்கும் குளிர்ச்சி கிடைப்பதில்லை. வயலில் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத கதைதான். சாலையில் இது ஒரு பொருட்டல்ல. நாற்பது டிகிரி வெயிலில் தளத்தில் இருபது நிமிஷம் ஓட்டினால் பொருட்டு. தண்ணீரை எஞ்சினின் பின்புறமாக வெளியேற்றும் மாற்றக் குழாய்களும், தடித்த ரேடியேட்டரும் இதற்காகவே விற்கப்படுகின்றன.

அதன் பிறகு டர்போ வைக்கலாம். எஞ்சினின் சக்தி ஒன்றரை மடங்கும் ஆகலாம். ஆனால் அன்று முதல் பிரேக் போதாது, கிளட்ச் போதாது, கியர் பெட்டி முனகும், ரேடியேட்டர் கொதிக்கும். பழைய கணக்கெல்லாம் அழித்து எழுதவேண்டி வரும். எத்தனையோ கார்கள் இந்தக் கட்டத்தில்தான் தார்ப்பாய்க்கு அடியில் போய், பாதி பிரித்த எஞ்சினோடு வருஷக்கணக்கில் உறங்குகின்றன. அமெரிக்காவில் 'ஸ்பெக் மியாட்டா' என்று ஒரு பந்தய வகுப்பே இருக்கிறது. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், டயர் எல்லோருக்கும் ஒன்றே. எஞ்சினில் கைவைக்க மிகக் குறைந்த இடமே உண்டு. அந்தச் சொற்பக் குதிரைசக்தியிலேயே அவர்கள் கதவோடு கதவு உரசும்படி போட்டியிடுகிறார்கள். வாங்கிய சக்தியைச் சரியாகச் செலவழிக்கத் தெரிந்தவனுக்கு 115 போதும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

பணத்தைப் பற்றியும் ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுவது நல்லது. காரின் விலையோடு செலவு முடிவதில்லை. டயர், பேடு, ஆயில், பெட்ரோல், நுழைவுக் கட்டணம் ஆகியவை ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். சாதாரணக் கார் இன்ஷூரன்ஸ் தளத்தில் நேரும் சேதத்துக்குப் பெரும்பாலும் பொறுப்பேற்காது. ஜெர்மனியில் 1927-இல் திறந்த, சுமார் 20.8 கிலோமீட்டர் நீளமுள்ள நூர்பர்க்ரிங் வடவளையத்தில் குறித்த நாட்களில் யார் வேண்டுமானாலும் காசு கொடுத்துக் காரோடு நுழையலாம். தடுப்பில் மோதினால், காரோடு சேர்த்துத் தடுப்புக்கும் பணம் கட்டிவிட்டு வரவேண்டும். காரைச் சுவரில் விட்டுவிட்டு நடந்து வீடு போனாலும் குடும்பம் நடக்கும் என்றால்தான் அந்தக் காரைத் தளத்தில் இறக்கலாம். கடன் வாங்கிய காரை இறக்கவே கூடாது.

சோழவரம் கண்ட ஊர்

மாஸ்தா கார் நம் நாட்டில் விற்பனைக்கு வந்ததில்லை. ஆனால் பழைய காரைத் தட்டிக்கொட்டித் தளத்தில் விரட்டும் வித்தை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1953-இல் தொடங்கிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போரின்போது போட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்திற்று. ஃபியட்டும் ஹெரால்டும் அம்பாசிடரும் அங்கே ஓடின. வெளிநாட்டு உதிரிப்பாகம் இறக்குமதி செய்ய வழியில்லாத காலத்தில், கோயம்புத்தூர், சென்னைப் பட்டறைகளில் கையாலேயே கடைந்து மாட்டினார்கள். 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் தளம் இருக்கிறது. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில், மாருதி எஞ்சினைக் கொண்டு பந்தயக் கார்கள் செய்த கரிவரதனின் பெயரால் இன்னொரு தளம் இருக்கிறது. இந்தியாவில் மற்ற ராஜ்யங்களில் பலவற்றுக்கு இந்தப் பாக்கியம் கிடையாது.

அப்படியிருந்தும், பழைய ஸ்விஃப்டோ போலோவோ வாங்கி ஆசைப்படும் வாலிபன் எங்கே போகிறான்? நள்ளிரவில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போகிறான். அங்கே கொடிக் காவலரும் இல்லை, ஆம்புலன்ஸும் இல்லை. மீன் கூடையோடு சைக்கிளில் வருகிறவர் இருக்கிறார்.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. தொழிற்சாலை குறித்த அமைப்புக்கு மாறாகப் பதிவு பெற்ற வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்வதை 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. அந்த ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் மூன்று மாதம் வரை சிறை. போலீஸார் இதைத் தயவு தாட்சண்யமின்றி நடத்த வேண்டியதுதான். தளத்துக்கென்று மாற்றிய கார் லாரியில் ஏறித் தளத்துக்குப் போய், லாரியிலேயே திரும்ப வேண்டும்.

ஆனால் கதவை மூடுகிறவர்கள் ஜன்னல் ஒன்றையாவது திறக்க வேண்டாமா? பந்தய லைசென்ஸ் வாங்கி, குழுவில் சேர்ந்து, லட்சங்களைச் செலவழிப்பவனுக்குத் தளம் எட்டுகிறது. நல்ல பிரேக்கும் நல்ல டயரும் உள்ள சொந்தக் காரோடு, எந்த மாற்றமும் செய்யாமல், அரை நாள் ஓட்டிப் பார்க்க விரும்புகிறவனுக்குச் சுலபத்தில் எட்டுவதில்லை. தளங்களை நடத்துகிற சங்கங்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவனுக்கென்று ஒதுக்கலாம். கட்டணத்தைச் சினிமாவுக்கும் ஓட்டலுக்கும் குடும்பத்தோடு போய்வரும் செலவுக்குள் வைக்கலாம். வாசலில் ஒரு மெக்கானிக் நின்று பிரேக் ஆயிலையும், டயரையும், சக்கரத் திருகாணிகளையும் பார்த்து, தேறாத வண்டியைத் திருப்பி அனுப்பலாம். முதல் மணி நேரம் வேகமே கூடாது. நிறுத்துவதற்கு மட்டும் பயிற்சி என்று வைக்கலாம். போக்குவரத்து இலாகாவும் விளையாட்டு இலாகாவும் சேர்ந்து சிறு மானியம் கொடுத்தால், அது சாலை விபத்துத் தடுப்புச் செலவில் ஒரு பகுதியாகவே கணக்கில் ஏறும். இருங்காட்டுக்கோட்டையிலும் செட்டிபாளையத்திலும் தார்ப்பாதை தயாராக இருக்கிறது. பந்தயமில்லாத ஞாயிற்றுக்கிழமைகளும் வருஷத்தில் நிறையவே இருக்கின்றன.